ஆற்றில் துவைத்த காக்கிச் சட்டை

கிரீஸ் கறை எடுப்பதில் என்னை மிஞ்ச எங்கள் தெருவில் ஆளில்லை. இது பெருமை இல்லை, தலையெழுத்து. என் வீட்டுக்காரர் நெல் அறுக்கும் இயந்திரம் ஓட்டுகிறவர். வலங்கைமானைச் சுற்றி எந்த வயலில் வண்டி மக்கர் பண்ணினாலும் இவர்தான் உள்ளே கை விடுவார், அதுவும் வலது கையை. நெல் சுணைக்குப் பயந்து முழுக்கை காக்கிச் சட்டை போடுவதால், கறையெல்லாம் வலது சட்டைக்கையில்தான் ஏறும்.

அதை எடுக்க ஒரு முறை உண்டு. தண்ணீர் படுமுன் கறைமேல் தவிட்டைக் கொட்டித் தேய்க்க வேண்டும். தவிடு எண்ணெயைக் குடித்துக் கறுத்ததும் உதறிவிட்டு, பாத்திர சோப்பைப் பூசி ஊறவிட வேண்டும். கடைசியில்தான் வெந்நீர். எடுத்ததும் தண்ணீரில் முக்கினால் கறை சட்டமாக உட்கார்ந்துகொள்ளும். டிவி விளம்பரத்தில் ஒரே முக்கில் பளிச்சென்று ஆகும் சட்டைகளைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன தை மாதம், சம்பா அறுவடையில், வைக்கோல் சிக்கி வண்டி நின்றிருக்கிறது. இன்ஜினை அணைக்காமலே கையை விட்டிருக்கிறார். சட்டைக்கையைப் பெல்ட் பிடித்துக் கையோடு உள்ளே இழுத்துவிட்டது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ரத்தம் நிறையப் போய்விட்டது, உயிரைப் பற்றி இப்போது எதுவும் சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

மறுநாள் காலையில் கொழுந்தனார் என்னைப் பிடித்து பஸ் ஏற்றினார்.

"அண்ணி, இங்க ஒருத்தரத்தான் இருக்க விடுறாங்க. போயி குளிச்சிட்டு ஒரு வாய் சாப்புட்டுட்டு வாங்க. எதுன்னாலும் போன் பண்றேன்."

வீட்டுக்குள் நுழைந்ததும் வலது கையில் கிரீஸ் கறையோடு ஆணியில் தொங்கிய அவருடைய மாற்றுச் சட்டைதான் கண்ணில் பட்டது. முந்தின நாள் வயலுக்குக் கிளம்பும்போது, "நாளைக்கு இதத்தான் போடணும், தொவைச்சு வையி" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்ன அந்த 'நாளைக்கு' வந்துவிட்டது. என் புத்தி எங்கே போனதோ தெரியவில்லை. இந்தக் கறை போய்விட்டால் அவர் பிழைத்துவிடுவார் என்று மனசுக்குள் முடிவு கட்டிக்கொண்டேன். சாமியிடம் கேட்கத் தோன்றவில்லை, அவ்வளவு கோபம். சட்டையிடம் கேட்டேன்.

கரண்ட் இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை. போனை அலமாரியில் போட்டுவிட்டு, பாத்திர சோப்போடு குடமுருட்டி ஆற்றுக்கு ஓடினேன். தவிடு நினைவுக்கே வரவில்லை. முறை தெரிந்த நானே சட்டையை நேராகத் தண்ணீரில் முக்கினேன். படித்துறைக் கல்லில் அந்த வலது கையைப் போட்டுத் தேய்த்தேன். என் விரல் தோல் உரிந்ததே ஒழிய, கறை அசையவில்லை. "போயேன், போய்த் தொலையேன்" என்று அதைத் திட்டிக்கொண்டே அழுதேன். அப்போது சட்டை கை நழுவி ஆற்றோடு போனது. மார்பளவு தண்ணீரில் பாய்ந்து, அதன் கையை எட்டிப் பிடித்தேன்.

கரையில் "ஐயோ!" என்று ஒரு குரல். எதிர்வீட்டு அக்கா வயிற்றில் அடித்துக்கொண்டு நின்றார்.

எங்கள் பக்கத்தில் இறந்தவர் துணியை ஆற்றில் விடுவார்கள். வீட்டுக்கு வீடு குழாய் வந்த பிறகு ஆற்றில் துவைப்பவர் யாருமில்லை. புருஷன் சட்டை ஆற்றில் மிதக்க, பெண்டாட்டி அழுதுகொண்டு நின்றால் பார்க்கிறவர்கள் வேறென்ன நினைப்பார்கள்? அக்காவின் சத்தம் கேட்டு இன்னும் நாலு பெண்கள் ஓடி வந்தார்கள். ஒருத்தி என்னைக் கட்டிக்கொண்டு ஒப்பாரியே வைத்துவிட்டாள்.

"வாய மூடுங்கடி! எம் புருஷன் சாவல! சட்டை தொவைக்க வந்தேன்!"

"பாவம், பித்துப் புடிச்ச மாதிரி பேசுறா" என்றாள் இன்னொருத்தி.

அந்த வார்த்தையில் என் கோபம் அப்படியே பயமாக மாறியது. போனை நான் எடுக்காததால் இவர்களில் யாருக்காவது சேதி சொல்லியிருப்பார்களோ? எனக்குத் தெரியாதது இவர்களுக்குத் தெரியுமோ? ஈரச் சேலையோடு வீட்டுக்கு ஓடினேன்.

போனில் கொழுந்தனாரின் அழைப்புகள் வரிசையாக நின்றன. என் கை ஈரத்தில் திரை நகரவில்லை. பின்னாலேயே ஓடிவந்த அக்காதான் அழுத்தி என் காதில் வைத்தார்.

"எங்க அண்ணி போனீங்க? அண்ணன் கண்ணு முழிச்சிட்டாரு. உசுருக்குப் பயமில்லன்னுட்டாங்க." அப்புறம் என்ன, சொல்லுங்க என்று நான் கத்திய பிறகுதான் மிச்சத்தைச் சொன்னார். "வலது கைய எடுத்துட்டாங்க அண்ணி. வேற வழியில்லன்னாங்க. நான்தான் கையெழுத்துப் போட்டேன்."

அக்கா என் முதுகைத் தடவினார். "உசுரு இருக்குல்ல, அது போதும்டி" என்றார். என் கையில் அந்தச் சட்டையின் வலது கை, பிழியாமல், சொட்டிக்கொண்டிருந்தது.

இப்போதும் அதே சட்டையைத்தான் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்கிறார். வலது கையை மேலே மடித்து நான்தான் ஊக்கு குத்திவிடுகிறேன். போகாத அந்தக் கறை மடிப்புக்குள் போய்விடும். ஒருநாள் ஊக்கு குத்தும்போது, "இனிமே ஒனக்குத் தவிடு மிச்சம்" என்று கிண்டல் செய்துவிட்டு, நான் சிரிக்கிறேனா என்று பார்த்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தினமும் ஒரு மூட்டை தவிட்டைத் தேய்க்கிறேன், அந்தக் கையைக் கொண்டு வாங்க என்று அவர் தோளில் முகத்தை வைத்து அழுதேன்.