ஒரு மைல் மணலுக்கு நாலு டயர்

என் வீட்டுக்காரர் என்னைப் பெண் பார்க்க வந்தபோது காபி ஆறுவதற்குள் சரி என்று சொல்லிவிட்டார். பிக்கப் வண்டிக்கு டயர் வாங்க மட்டும் பங்குனியில் யோசிக்க ஆரம்பித்துக் கார்த்திகை வரை யோசித்தார். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. டயர் விஷயத்தில் யோசிக்க நிறைய இருந்தது.

நாங்கள் விருதுநகரில் இருந்தோம். கோயில் கொடைத் திருவிழாக்களுக்கு வாணவேடிக்கை நடத்திக் கொடுப்பது எங்கள் தொழில். தீபாவளி சீசன் முடிந்து மற்றவர்கள் எல்லாம் ஓயும்போதுதான் எங்களுக்கு வேலை தொடங்கும். தாயில்பட்டியில் ஒரு சின்னக் கம்பெனியில் சரக்கு ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போவோம். அவர் வண்டி ஓட்டுவார். நான் பக்கத்து சீட்டில். சரக்கு எங்கள் முதுகுக்குப் பின்னால். கல்யாணத்துக்கு முன்பு நான் அச்சங்குளத்தில் பட்டாசு ஆலையில் வேலை பார்த்தவள். அதனால் முதுகுக்குப் பின்னால் இருப்பது என்னவென்று எனக்கு நன்றாகவே தெரியும். வளைவு வரும்போதெல்லாம் முன்னால் இருக்கும் கம்பியைப் பிடித்துக்கொள்வேன். பிடித்து என்ன பிரயோஜனம் என்று அவர் ஒருமுறை கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். பிடிப்பதை நிறுத்தவில்லை.

விளாத்திகுளம் தாண்டிக் கடற்கரையோரம் ஒரு ஊரில் அம்மன் கோயில் கொடை. பங்குனியில் வரும். எங்களுக்குக் கிடைத்த பெரிய ஆர்டர் அதுதான். தார் ரோடு ஊருக்கு ஒரு மைல் முன்னாலேயே முடிந்துவிடும். அதற்கப்புறம் முள் நிறைந்த உடைமரங்களுக்கு நடுவே வெறும் மணல். முதல் வருசம் அந்த மணலில் பாதி தூரம் போனதும் பின்சக்கரம் சுற்றியது, வண்டி நகரவில்லை. அவர் ஆக்சிலேட்டரை மிதித்தார். சக்கரம் தனக்கு ஒரு குழி தோண்டி அதில் உட்கார்ந்துகொண்டது.

ஊரிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். படகைத் தள்ளிப் பழகிய தோள்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது. தார்ப்பாய்க்கு அடியில் என்ன என்று ஒருவர் கேட்டார்.

"வாணம்," என்றார் என் வீட்டுக்காரர்.

எல்லோரும் மரியாதையாக விலகி உடைமர நிழலில் போய் நின்றுகொண்டார்கள். அங்கிருந்தே யோசனை சொன்னார்கள்.

"முன்னால போகாதீகண்ணே, பின்னால எடுங்க!"

"வந்து ஒரு கை குடுங்கப்பா," என்றார் இவர்.

"குடுப்போம்ணே. வண்டிச் சூடு ஆறட்டும்."

அதில் ஒருவர் வாயில் பீடி இருந்தது. நான் போட்ட சத்தத்தில் அவர் அதை விழுங்காமல் இருந்ததே பெரிது. கடைசியில் நாங்கள் இரண்டு பேரும்தான் சேலையையும் வேட்டியையும் தூக்கிச் செருகிக்கொண்டு பெட்டி பெட்டியாகச் சுமந்தோம். வாணம் விடும்போது சாமியாடி ஆடி முடித்து, சாப்பிட்டு, வெற்றிலையும் போட்டிருந்தார். கமிட்டித் தலைவர் எங்களைத் திட்டவில்லை. "அடுத்த வருசம் வண்டி கோயில் வாசல்ல வந்து நிக்கணும்," என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்று முதல் இவர் டயர் பார்க்க ஆரம்பித்தார். பெட்ரோல் பங்கில் லாரிக்காரர்களிடம் கேட்டார். மணல் அள்ளும் டிராக்டர்காரர்களிடம் கேட்டார். காரியாபட்டியில் ஒரு சாவு வீட்டுக்குப் போனோம். நான் உள்ளே அழுதுவிட்டு வெளியே வந்து பார்த்தால், இவர் வாசலில் நின்ற ஒரு ஜீப்பின் பக்கத்தில் குத்தவைத்து, டயர் வரியில் விரலை விட்டு ஆழம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கார்த்திகையில் ஒரு மழை நாளில் மதுரை ரோட்டிலிருந்த டயர் கடைக்குப் போனோம். கடைக்கார அண்ணாச்சி மூன்று டயர்களை உருட்டி வந்து எங்கள் முன்னால் சாத்தினார். ஒன்று சாதாரண ரோட்டு டயர். ஒன்று பெரிய பெரிய கட்டைகளாகத் துருத்திக்கொண்டிருந்த பட்டன் டயர். நடுவில் இருந்ததை ஆல் டெரெய்ன் என்றார். ரோட்டுக்கும் ஆகும், மணலுக்கும் ஆகும்.

"மணல்ல எம்புட்டு தூரம் ஓடுவீக?" என்று கேட்டார்.

"ஒரு மைல்."

"தினமுமா?"

"வருசத்துக்கு. திரும்பி வரணும்ல, ரெண்டு மைல்னு வச்சுக்கோங்க."

"மிச்சமெல்லாம்?"

"ஹைவே."

அண்ணாச்சி கொஞ்ச நேரம் மழையைப் பார்த்தார். "ஒரு மைலுக்குத்தான் டயர் வாங்க வந்திருக்கீகளா?"

"ஆமா," என்றார் இவர், வெட்கமே இல்லாமல்.

இவருக்குப் பட்டன் டயர் மேல்தான் கண். அதைத் தட்டித் தட்டிப் பார்த்தார். "அண்ணாச்சி, நனைஞ்ச ரோட்டுல பிரேக் போட்டா எது நிக்கும்?" என்று கேட்டேன்.

"பட்டன் கொஞ்சம் இழுத்துட்டுப் போகும் தாயி. ரோட்டுல படுற ரப்பர் கம்மி. ரோட்டு டயர் நல்லா நிக்கும். நடுவுல உள்ளது நடுவுல நிக்கும்."

"பட்டன் வேணாம்," என்றேன்.

"மணல்ல மாட்டிக்கிட்டா?" என்றார் இவர்.

"மணல்ல மாட்டுனா அசிங்கம் மட்டுந்தான். ரோட்டுல வழுக்குனா நம்ம பின்னால இருக்கிறது வெடிக்கும். நான் அசிங்கப்பட்டுக்கிறேன்."

அவர் பட்டன் டயரிலிருந்து கையை எடுத்தார். கொஞ்சம் அகலமாகவாவது வாங்கலாம் என்றார். அகலமானதைப் போட்டால் வளைக்கும்போது மட்கார்டில் உரசும் என்று அண்ணாச்சி அதையும் மறுத்துவிட்டார். பழைய அளவிலேயே, எங்கள் லோடைத் தாங்குகிற ஆல் டெரெய்ன் டயரை நாலு சக்கரத்துக்கும் மாட்டினார். மாட்டி முடித்ததும், "டயர் பாதி வேலைதான் பார்க்கும்," என்றார். "மணல்ல இறங்கும் முன்ன காத்தைப் பாதி இறக்கிரணும். டயர் அகலமா உக்காரும். இறங்கினா நிக்கக் கூடாது, பிரேக் போடக் கூடாது, வெடுக்குனு திருப்பக் கூடாது. ரோட்டுக்கு வந்ததும் மறுபடி காத்து அடிச்சிரணும். அடிக்காம ஓட்டுனீகன்னா டயர் சூடாகி வெடிச்சிரும்."

வெடிக்கும் என்ற சொல்லை அன்று நாங்கள் வேண்டிய அளவு கேட்டுவிட்டோம்.

அடுத்த பங்குனியில் சரக்கோடு கிளம்பினோம். நாலு வழிச் சாலைக்காகப் புளியமரங்களை வெட்டிக்கொண்டிருந்த காலம். வழியெல்லாம் வெயில். தார் ரோடு முடியும் இடத்தில் வண்டியை நிறுத்தினார். காற்றை இறக்க வேண்டும். அவருக்குக் கை வரவில்லை. தினமும் காலையில் டயரைக் கட்டையால் தட்டிப் பார்த்து, கொஞ்சம் குறைந்தாலும் ஓடிப்போய் அடிக்கிற மனுசர். முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இறக்கித்தான் ஆகணுமா?"

வால்வை அழுத்த நான் கொண்டை ஊசியை உருவிக் கொடுத்தேன். நாலிலும் காற்று இறங்கியபோது வண்டி பெருமூச்சு விட்டுச் சம்மணம் போட்டதுபோல் இருந்தது. அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

மணலில் இறங்கினோம். வண்டி போயிற்று. அலுங்காமல், படகு மாதிரி போயிற்று. நான் கம்பியைப் பிடித்திருந்தேன். போன வருசம் நாங்கள் மாட்டிய இடத்தை நெருங்கும்போது பாதையை அடைத்துக்கொண்டு ஒரு வேன் நின்றது. அச்சுவரை புதைந்திருந்தது. பக்கத்தில் ஒருவர் குடை பிடித்து நின்று எங்களை நோக்கிக் கையை ஆட்டினார்.

"நிறுத்தாதீக," என்றேன்.

நிறுத்தவில்லை. மெதுவாக ஒதுக்கி, யாரும் ஓட்டாத புது மணலில் விட்டார். உடைமுள் என் பக்கத்துக் கதவைக் கிழித்த சத்தம் கேட்டது. சக்கரம் ஒருதரம் முக்கியது, பிறகு ஏறிவிட்டது. தாண்டும்போது குடைக்காரர் என்னவோ கத்தினார். கோயில் வாசலில் போய்த்தான் நின்றோம்.

சரக்கை இறக்கும்போது கமிட்டித் தலைவர் எங்கள் கண்ணைப் பார்க்காமல் சொன்னார். "உங்களை நம்பாம இல்ல. ஒரு பாதுகாப்புக்கு, பாதி ஆர்டரைச் சாத்தூர்க்காரர் ஒருத்தர்ட்ட குடுத்திருக்கோம். அவரை இன்னும் காணோம்."

புதைந்திருந்தது யார் என்று அப்போது புரிந்தது. என் வீட்டுக்காரர் என்னைத் தனியே கூப்பிட்டார். அவர் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை; அன்று சிரித்தார். "கெடக்கட்டும்," என்றார். "நம்ம சரக்கு வந்திருச்சுல்ல."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அந்த வேனின் தார்ப்பாய் மேல் விழுந்த வெயிலைப் பார்த்திருந்தேன். கீழே கொதிக்கிற மணல். ஆலையில் ஒரு மத்தியானம் பக்கத்து அறையில் சூட்டில் சரக்கு வெடித்த சத்தம் கேட்டு ஓடியவள் நான். அதற்கப்புறம் வெயிலில் கிடக்கும் சரக்கு யாருடையது என்று என்னால் பார்க்க முடியாது.

"வெயில்ல கெடக்குது," என்றேன். "எடுத்துட்டு வந்துருவோம்."

சிரிப்பை நிறுத்திவிட்டு வண்டியில் ஏறினார்.

சாத்தூர்க்காரர் எங்களைக் கண்டதும் குடையை மடக்கினார். "போன வருசம் எவனோ நேரத்துக்கு வரலையாம், அதான் எங்கள்ட்ட பாதியைக் குடுத்தாக," என்றார், பேச்சு கொடுப்பதற்காக.

"அது நாங்கதான்," என்றார் இவர்.

சாத்தூர்க்காரர் குனிந்து ஒரு பெட்டியைத் தூக்கினார். மூன்று பேருமாகப் பெட்டி மாற்றினோம். எங்கள் வண்டியில் நடை நடையாக அடித்துக் கோயிலில் இறக்கினோம். ஊர் ஆட்கள் உடைமர நிழலில் நின்று பார்த்தார்கள். காலியான வேனைக் கோயில் வடத்தைக் கட்டி எங்கள் பிக்கப் இழுத்தது. அப்போது மட்டும் எல்லோரும் ஓடி வந்து தள்ளினார்கள்.

வாணம் நேரத்துக்கு விட்டோம். சாத்தூர்க்காரருடையது எங்களுடையதைவிட உயரமாகப் போய் விரிந்தது. ஊர் அதற்குத்தான் கை தட்டியது. இவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டே, "நம்ம சுமந்த வாணம்," என்றார். அதில் வருத்தமா பெருமையா என்று எனக்குப் பிடிபடவில்லை.

விடிந்து தார் ரோட்டுக்கு வந்ததும் காற்று அடிக்க வேண்டியிருந்தது. எங்களிடம் இருந்தது காலால் மிதிக்கிற பம்ப். மூன்று பேரும் மாறி மாறி மிதித்தோம். சாத்தூர்க்காரர் மூச்சு வாங்க, "என்ன டயர் இது?" என்று கேட்டார். கேட்டிருக்கக் கூடாது. இவர் பங்குனியிலிருந்து கார்த்திகை வரை நடந்த அத்தனையையும் சொன்னார், காரியாபட்டி ஜீப் உட்பட. பிறகு சாத்தூர்க்காரரும் தன் வேனுக்கு அதே டயரைப் போட்டார்.

மறு வருசம் கொடைக்கு முன்னால் தலைவர் போன் செய்தார். செல்போன் வாங்கிய புதிது. இவர் தெருவில் நின்று சத்தமாகப் பேசினார்.

"நல்ல சேதி," என்றார் தலைவர். "கோயில் வாசல் வரைக்கும் தார் ரோடு போட்டுட்டாக. இப்ப லாரியே வருது. அதனால இந்த வருசம் ஒரு பெரிய கம்பெனிக்கே மொத்தமா குடுத்துட்டோம்."

இவர், "சந்தோசம்," என்று சொல்லிப் போனை வைத்தார். பிறகு வெகுநேரம் பின்சக்கரத்தின் மேல் கையை வைத்து நின்றார். நான் காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். வேறு என்ன செய்ய முடியும்.

அன்று சாயங்காலம் சாத்தூர்க்காரர் சேவுப் பொட்டலத்தோடு வந்தார். அவருக்கும் அதே போன் வந்திருந்தது. மூன்று பேரும் உட்கார்ந்து பேசினோம். லாரி நுழையாத ஊர்களாகப் பார்த்து, இரண்டு வண்டியையும் சேர்த்து ஆர்டர் பிடிப்பது என்று முடிவானது. அப்படிப்பட்ட ஊர்கள் கடற்கரையில் நிறையவே இருந்தன. சில வருசங்கள் தொழில் நன்றாகவே ஓடியது. கொடைக்குக் கேட்டு யாராவது போன் செய்தால் இவர் தேதி கேட்க மாட்டார், என்ன சாமி என்று கேட்க மாட்டார். முதல் கேள்வி, "ஊருக்கு ரோடு இருக்கா?" என்பதுதான். இருக்கிறது என்று சொன்னால் முகம் தொங்கிவிடும்.