போனை நீட்டினால் மாறிவிடும் தமிழ்

இன்று மாமல்லபுரத்தில் பெருமாளைச் சேவித்துவிட்டு செங்கல்பட்டு பஸ்ஸில் ஏறினேன். பக்கத்தில் மொழியியல் படிக்கும் கல்லூரிப் பெண். ஜனங்கள் இயல்பாகப் பேசுவதைப் பதிவு செய்து நாளை வகுப்பில் கொடுத்தாக வேண்டுமாம்.

எதிரே இருந்த மீன்கார அம்மாவிடம் செல்போனை நீட்டினாள்.

"வணக்கம். எங்கள் ஊரில் மீன்கள் நன்றாகக் கிடைக்கின்றன."

"வீட்ல பேசற மாதிரி பேசுங்கக்கா."

"வீட்டிலும் இவ்வாறே உரையாடுவோம்."

சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

அதற்குள் கண்டக்டர் வந்து கூடைக்கு லக்கேஜ் கேட்டார்.

"இன்னாத்துக்குய்யா? காலிக் கூட எம்மடில குந்திகினு கீது. உனுக்கு இன்னா பேஜாரு?"

போன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பெண்ணுக்கு முகமெல்லாம் பல்.

"அக்கா, இத கிளாஸ்ல போடலாமா?"

"அத்த அழிச்சிடு கண்ணு. வாத்தியாரு கேக்கறது, மருவாதியா இருக்கணும்."

பாவம், அழித்துவிட்டாள். "ஆன்ட்டி, நீங்களாவது பேசுங்களேன்" என்று போனை என் பக்கம் திருப்பினாள்.

தொண்டையைச் செருமிக்கொண்டு, "அன்பார்ந்த மாணவச் செல்வங்களே" என்று ஆரம்பித்தேன்.

நீங்களெல்லாம் ரொம்ப இயல்பாகப் பேசியிருப்பீர்களாக்கும்?