சல்லடை வட்டத்தில் சுற்றிய கம்பி

யுத்தம் முடிந்து பட்டாளத்துச் சாமான்கள் ஏலத்துக்கு வந்த சமயம், ஊட்டி பஜாரில் எனக்கு ஒரு ரேடியோ ரிப்பேர் கடை இருந்தது. பக்கத்துக் கடை பாய் இரும்புச் சாமான் வியாபாரி. ஏலத்தில் எதையாவது வாங்கிவிட்டு, அது என்னவென்று கேட்க என்னிடம் வருவார். அப்படித்தான் அந்த மரப்பெட்டியும் வந்தது. உள்ளே ஒரு நீளக் கழி, அதன் நுனியில் தோசைக்கல் அளவில் ஒரு தட்டு, காதில் மாட்டிக்கொள்ள ஒரு கருவி. கண்ணிவெடி தேடுகிற மெஷின் அது. தட்டுக்குள் செம்புக் கம்பிச் சுருள் இருக்கிறது, மண்ணுக்குள் இரும்பு இருந்தால் காதில் கூவும் என்று சொன்னேன்.

“நம்ம மலையில எவனுங்க வெடி வெச்சிருக்கான்? நீங்களே வெச்சுக்குங்க தம்பி,” என்று பாய் பெட்டியை என் பக்கம் தள்ளிவிட்டார்.

எனக்கு அதற்கு வேலை இருந்தது. என் தங்கையைத் தேவர்சோலைப் பக்கத்தில் ஒரு டீ எஸ்டேட்டின் பேக்டரியில் மெஷின் பார்க்கும் பிட்டருக்குக் கட்டிக்கொடுத்திருந்தோம். கூலிக்காரர்களின் லைன் வீடுகளை ஒட்டி அவர்கள் குடியிருப்பு. அங்கே குழாய் இருந்தது, தண்ணீர்தான் இல்லை. மேட்டில் ஊற்றுத்தொட்டி நிறைந்து வழியும். கீழே குழாயைத் திறந்தால் காற்று வரும். நடுவில் எங்கோ மண்ணுக்கடியில் ஒரு பெரிய வால்வு அடைத்துக்கொண்டு கிடந்தது. அதைப் புதைத்த துரை சீமைக்குப் போய்விட்டார். அடுத்து வந்த துரை அதன் மேலேயே தேயிலை நட்டுவிட்டார். லைன் பெண்கள் எல்லோரும் பள்ளத்து ஓடையிலிருந்து குடம் சுமந்தார்கள். என் தங்கையும் ஏழு மாத வயிற்றோடு சுமந்தாள்.

அவள் அதிகம் பேசமாட்டாள், பேசினால் மாற்றமாட்டாள். பிரசவத்துக்குக் கோயமுத்தூர் போக நாள் பார்த்தபோது புருஷனிடம் சொல்லிவிட்டாள்: “கொழாயில தண்ணி வந்துச்சுன்னு சேதி வந்தாத்தானுங்க கொழந்தையத் தூக்கிட்டு வருவேன். இல்லீன்னா அம்மா ஊட்டுலயே இருந்துக்கறேன்.” மாப்பிள்ளை அடுத்த பஸ்ஸைப் பிடித்து என் கடைக்கு வந்து, பேயறைந்த மாதிரி உட்கார்ந்தார்.

அப்போது கவாத்து வெட்டி முடிந்து தேயிலைச் செடிகள் மொட்டையாக நின்றன. துளிர் விடுவதற்குள், ஒரே ஓர் இடத்தில் தோண்டிக்கொள்ளலாம் என்று துரை சொல்லியிருந்தார். தப்பாகத் தோண்டினால் அதோடு பேச்சு முடிந்தது.

பாயும் நானும் மெஷினைத் தூக்கிக்கொண்டு போனோம். தேயிலைக் காட்டில் கால் வைத்ததும் கூவ ஆரம்பித்தது. இரண்டடி தள்ளிப் போனேன், அங்கேயும் கூவியது. மேல்மண்ணைக் கிளறினால் துருப்பிடித்த கத்தி முனை. அடுத்ததில் பாதிக் கத்தி. அந்த எஸ்டேட்டில் கவாத்துக் கத்தி தேய்ந்துபோனால் பழைய இரும்புக்குப் போடமாட்டார்களாம். சோறு போட்ட கத்தியை விற்கக் கூடாதென்று, வெட்டிய செடியின் காலடியிலேயே புதைத்துவிடுவார்களாம். அந்தக் காட்டில் தேயிலை வேரைவிடக் கத்திதான் அதிகம் என்று எனக்குத் தோன்றியது. எரிச்சலோடு திரும்பினேன்.

கடையில் உட்கார்ந்து யோசித்தேன். சின்னச் சுருள் மேலே கிடக்கும் ஆணியைக்கூட விடாது, ஆனால் ஆழத்துக்குப் போகாது. பெரிய சுருள் துண்டு துக்கடாவைச் சட்டை செய்யாது, ஆழத்தில் கிடக்கும் பெரிய இரும்பைத்தான் சொல்லும். அதையும் ‘இந்தப் பக்கம்’ என்றுதான் சொல்லும், விரல் வைத்துக் காட்டாது. மாப்பிள்ளை பேக்டரியிலிருந்து இரண்டு பழைய சல்லடைகளின் மரவட்டங்களைக் கொண்டுவந்தார். ஒன்று சாப்பாட்டுத் தட்டு அளவு, இன்னொன்று கொழுந்துக் கூடையின் வாய் அளவு. பாய் சின்னதைக் கையில் எடுத்துக்கொண்டு விடவே இல்லை.

“பெருசு வேண்டாமுங்க. பெருசாச் சுத்துனா பெருசாத் தப்பும்,” என்றார்.

“தப்புனா என் தங்கச்சிக்கு நான் பதில் சொல்லிக்கறேன் பாய்,” என்று பெரியதை எடுத்துக் கம்பியைச் சுற்றி, பழைய தட்டுக்குப் பதிலாகக் கழியில் மாட்டினேன். வீறாப்பாகச் சொல்லிவிட்டேனே தவிர, உள்ளுக்குள் பயம்தான்.

இந்த முறை காடு அமைதியாக இருந்தது. கத்திகள் வாய் திறக்கவில்லை. பாயைப் பார்த்து மீசையை முறுக்கிக்கொண்டேன். தங்கை மூங்கில் குச்சிக் கட்டோடு வந்தாள். நான் சொல்லும் இடத்தில் குனிந்து குச்சி நட வேண்டும், அதுதான் அவள் வேலை. ஓர் இடத்தில் காதில் சத்தம் கிளம்பியது. குச்சி நட்டாள். அடுத்த வரிசையிலும் சத்தம், குச்சி. அதற்கடுத்ததிலும் அப்படியே. கொஞ்ச நேரத்தில் காட்டுக்குக் குறுக்கும் நெடுக்குமாகக் குச்சிகள் நின்றன.

“இது கொழாயிங்களா, முறுக்குங்களா?” என்றார் பாய்.

எனக்குக் கோபம் வந்தது. வட்டத்தைத் திருப்பினேன், கம்பியை இழுத்துப் பார்த்தேன். தங்கை மூச்சு வாங்கி, ஒரு பாறையில் போய் உட்கார்ந்தாள். சத்தம் நின்றது. எழுந்து பக்கத்தில் வந்தாள். மறுபடி கூவியது.

“அம்மிணி, இடுப்புல என்ன வெச்சிருக்க?”

முந்தானைக்குள் கைவிட்டு எடுத்தாள். வண்டிக் கடையாணி. எங்கள் வீட்டு மாட்டுவண்டிச் சக்கரம் கழன்று ஓடாமல் பிடித்துக்கொண்டிருந்த, சாண் நீளக் கனத்த இரும்பு ஆணி. வயிற்றுப் பிள்ளையோடு காடு மேடு போகிறவள் காத்துக் கருப்பு அண்டாமல் இரும்பு வைத்துக்கொள்ள வேண்டுமென்று அம்மா கொடுத்தனுப்பியிருக்கிறாள். ஊருக்கெல்லாம் ஊசி போதும், எங்கள் அம்மாவுக்குக் கடையாணி. இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் தேடினாளாம் ஒருத்தி. நாங்கள் இடுப்பில் இரும்பை வைத்துக்கொண்டு காடெல்லாம் தேடினோம். மாப்பிள்ளை சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

“அதைக் கொடு, கீழ வெச்சுட்டு வா.”

“மாட்டேனுங்கண்ணா. பொறக்கற வரைக்கும் எடுக்க மாட்டேன்னு அம்மாகிட்டச் சத்தியம் பண்ணியிருக்கேன்,” என்று சொல்லிவிட்டு, தானாகவே லைன் வாசல் வரைக்கும் நடந்துபோய் நின்றுகொண்டாள். அவளுக்காகத்தான் இவ்வளவும். அவள்தான் தள்ளி நிற்க வேண்டியதாயிற்று.

குச்சிகளையெல்லாம் பிடுங்கிப் போட்டு மேட்டிலிருந்து மறுபடி தொடங்கினேன். மெல்லிய முனகல் ஒன்று ஒரே கோடாக இறங்கி வந்து, ஒரு வளைவில் ஓங்கிக் கூவியது. முன்னே போனேன், பின்னே வந்தேன், அங்கேயேதான் ஓங்கியது. “இங்க,” என்றேன். தோண்டினார்கள். இடுப்பளவு குழியில் மண்வெட்டி டங்கென்றது. வால்வுக்குள் வேர் புகுந்து சடைபோட்டிருந்தது. மாப்பிள்ளை அதை வெட்டி எடுத்து வால்வின் சக்கரத்தைத் திருப்பினார். லைன் வாசலில் குடங்கள் ஒன்றோடொன்று முட்டுகிற சத்தம் எங்களுக்குக் கேட்டது. பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மண் விழுந்துவிட்டது என்றார்.

வால்வுக் குழிக்கு மேலே ஒரு கல்பலகை போட்டு மண்ணால் மூடினோம். தங்கை கோயமுத்தூர் போனாள். பெண் குழந்தை பிறந்தது. நான்தான் போய் இருவரையும் மலையேற்றிக் கூட்டிவந்தேன். தேயிலை துளிர்த்துப் பச்சையாக மூடியிருந்தது. வீட்டுக்குள் போவதற்கு முன்பே அவள் குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு, நேராக அந்த வளைவுக்கு நடந்தாள். கையால் மண்ணைத் தோண்டி, கடையாணியைக் கல்பலகை மேல் வைத்து மூடினாள்.

“அம்மா கேட்டா தொலைஞ்சு போச்சுன்னு சொல்லுங்கண்ணா,” என்றாள். “நாளைக்கு யாராச்சும் வால்வத் தேடி வந்தா, இது மேலாகவே கெடக்குது, சின்னச் சுருளே போதும்.”