தொடக் கூடாத மூன்று பெட்டிகள்

குன்னூருக்குக் கீழே ஒரு தேயிலை ஃபேக்டரி. ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் ஆள் மாறி உட்காரும் அதன் மூன்று கம்ப்யூட்டர்களையும் அழித்துப் புதிதாக அமைக்கப் போயிருந்தேன். பென் டிரைவைச் செருகிப் பவரைப் போட்டால் போதும். மொழி, பிரிண்டர், பாஸ்வேர்டு எல்லாவற்றையும் நான் எழுதிவைத்த ஸ்கிரிப்டே பார்த்துக்கொள்ளும். யாரும் ஒரு பட்டனைக்கூட அழுத்த வேண்டியதில்லை. ஆனால் கம்ப்யூட்டரைக் கண்டால் ஆட்களுக்கு விரல் சும்மா இருக்காது. அதனால் மூன்றையும் ஓடவிட்டு, திரைகளை மட்டும் அணைத்து, "யாரும் தொடக் கூடாது" என்று தாள் ஒட்டிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தால், இலை வாட்டும் பிரிவைக் கவனிக்கும் பெண் ஒவ்வொரு கம்ப்யூட்டர் பெட்டியின் மேலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வாடும் இலையை அவ்வப்போது அள்ளி அழுத்திப் பார்த்துப் பழகிய கை அது. எனக்கு வந்ததே கோபம்!

"தாளைப் படிக்கலையா அம்மணி?"

"படிச்சனுங்க சார். தானா ஆகுதுன்னு அப்படியே உட்டுட்டுப் போக முடியுங்களா? ரெண்டு பொட்டி கதகதன்னு இருக்குது. இது மட்டும் சில்லுனு கெடக்குதுங்க."

குனிந்து பார்த்தேன். மூன்றாவது பெட்டியின் பவர் வயர் பின்னால் கழன்று கிடந்தது. தாள் ஒட்ட மேசையை நகர்த்தியபோது நானே இழுத்துவிட்டிருக்கிறேன்.

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. வயரைச் செருகிப் பவரைப் போட்டுவிட்டு, பேனாவை எடுத்துத் தாளில் ஒரு வரி சேர்த்தேன்: "அம்மணியைத் தவிர."