பட்டாசு கம்பெனிக்கு வந்த பட்டாளத்து அண்ணன்

கிட்ட வந்து உட்காருங்க. பட்டாசு கம்பெனி கேட்டில் ஆளைச் சோதிக்கிற வேலை இருக்கே, அது உள்ளே போகிறவர்கள் எல்லாரிடமும் திட்டு வாங்குகிற வேலை. வாசலில் நின்று பிழைத்தவர்களுக்கு என் பாடு புரியும். தாயில்பட்டிப் பக்கம் ஒரு கம்பெனியில் பொம்பளையாளுகளைத் தீப்பெட்டி கீப்பெட்டி இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பது நான். ஆம்பளையாளுகளையும், எல்லாருடைய தூக்குவாளிகளையும் பார்க்க முத்தையா அண்ணன் வந்து சேர்ந்தார். கார்கில் சண்டையில் இருந்துவிட்டு வந்தவர்.

தூக்குவாளிச் சோதனை

முன்பெல்லாம் வாளியைத் திறந்து எட்டிப் பார்த்து அனுப்பிவிடுவோம். அண்ணன் அதைத் தள்ளி வைக்கச் சொல்லி, குப்புறப் படுத்து, நீளக் கம்பால் மூடியை நெம்புவார். வரிசை ரோடு வரைக்கும் நிற்கும். திரி சொருகுகிற கருப்பாயிதான் பொறுமை இழந்து சொன்னாள்: "அண்ணே, அதுக்குள்ள நேத்து வச்ச புளிக்கொளம்பு. வெடிச்சா என் வயித்துக்குள்ளதான் வெடிக்கும், நீங்க எந்திரிங்க."

சாம்பிள் வெடி

வடக்கேயிருந்து வருகிற வியாபாரிகள் பொட்டலில் வெடித்துப் பார்த்துத்தான் ஆர்டர் கொடுப்பார்கள். முதல் வெடிக்கே அண்ணன் கேட்டிலிருந்து பாய்ந்து போய், வியாபாரியைத் தள்ளி மேலே படுத்துக்கொண்டார். எங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அண்ணனோ எழுந்திருக்காமலே, "எல்லாரும் இருக்கீகளா, எல்லாரும் இருக்கீகளா" என்று கேட்டபடியே இருந்தார். சிரிப்பு நின்றுபோனது. வியாபாரி சட்டையில் ஒட்டிய கரிசல் மண்ணைத் தட்டிக்கொண்டு சொன்னார்: "சரக்கு நல்லா இருக்கு. ஆள்தான் ரொம்ப வெயிட்டு."

ஊதுபத்தி

மேனேஜர் சிரிக்கவில்லை. இன்னொருக்க இப்படி நடந்தால் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். எங்கள் பக்கம் வேறு இடமென்றாலும் இன்னொரு வெடி கம்பெனிதான். படிக்கிற பிள்ளைகளை வைத்திருக்கிற அண்ணன், மத்தியானம் தூக்குவாளியைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தார். "சத்தத்துக்குப் பயமில்ல தங்கச்சி, அது எப்ப வரும்னு தெரியலையே, அதான்" என்றார் என்னிடம். பக்கத்தில் கை கழுவிக்கொண்டிருந்த கருப்பாயி காதில் அது விழுந்தது.

அடுத்த வியாபாரி வந்த அன்று கருப்பாயி, வெடி பற்ற வைக்கிறவன் கையிலிருந்த ஊதுபத்தியைப் பிடுங்கி அண்ணனிடம் கொடுத்தாள். அண்ணனே திரியில் வைத்தார், நகர்ந்தார், நின்றார். வெடித்தது. நின்றபடியே இருந்தார். வேர்த்துப் போயிருந்தது, அவ்வளவுதான். மேனேஜர் எங்களைப் பார்த்து, "இனிமே சாம்பிள் வெடி பத்த வைக்கிறது இவருதான்" என்றார்.

தீபாவளி

வேலை நிலைத்தது. ஆனால் தீபாவளிக்கு அண்ணன் குடியிருக்கிற எங்கள் தெரு முழுக்க ஊதுபத்தி ஆயிற்றே, எது எப்போது வெடிக்குமென்று அவருக்கு எப்படித் தெரியும்? கருப்பாயி வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளிடம் சொன்னாள்: "பத்த வைக்கிறதுக்கு முன்னாடி அண்ணன் வீட்டப் பாத்துக் கொரல் குடுக்கணும்லே. குடுக்காதவன் வெடியில தண்ணிய ஊத்திருவேன்."

அந்த வருசம் எங்கள் தெருவில் வெடிச் சத்தத்தைவிட, "மாமா, பத்த வைக்கப் போறோம்" என்கிற சத்தம்தான் காதைப் பிளந்தது.