தரம் ஆறில் பெற்றீசியா டீச்சர்

பெற்றீசியா டீச்சரை எங்கள் வகுப்பில் யாருக்கும் பிடிக்காமல் போக வழியில்லை. பிழையான பதிலை அவ்வளவு அழகாகச் சொல்லக்கூடியவர் அவர்.

பட்டதாரிகளாக ஆசிரியத் தொழிலுக்கு வந்த எங்களைப் போன்றவர்கள் பட்டப்பின் கல்வி டிப்ளோமா செய்தாக வேண்டும். கிழமை நாட்களில் பாடசாலை, சனியும் ஞாயிறும் கண்டியில் விரிவுரை. கல்வி உளவியல், கணிப்பீடு, கலைத்திட்டம் என்று காலையிலிருந்து காது புளிக்கக் கேட்போம். அதில் நுண்கற்பித்தல் என்றொரு பகுதி. ஒருவர் பாடம் நடத்துவார். மற்றவர்கள் தரம் ஆறு பிள்ளைகளாக உட்கார்ந்திருக்க வேண்டும். தலை நரைத்தவரும் முழங்கால் வலிக்காரரும் கையைத் தூக்கி "டீச்சர், டீச்சர்" என்று கூப்பிட வேண்டும். ஐந்து நாள் அலவத்துகொடைப் பாடசாலையில் நிஜப் பிள்ளைகளோடு தொண்டை கிழியக் கத்திவிட்டு வரும் எனக்கு, இந்தக் கூத்து முதல் நாளே வெறுத்துப்போனது.

பெற்றீசியா டீச்சருக்கு நாற்பத்தைந்து வயதுக்கு மேல். கதிரையில் உட்கார்ந்தால் பதினொரு வயதாகிவிடும். கேட்ட கேள்விக்குப் பாதி சரியாகவும் பாதி பிழையாகவும் பதில் சொல்வார். பாடம் நடத்துகிறவருக்கு அதைத் திருத்த ஒரு சந்தர்ப்பம் கிடைக்கும். திருத்தினால் புள்ளி கிடைக்கும். நானும் அப்படித்தான் தேறினேன். சும்மா சொல்லக்கூடாது, எங்களில் பலருக்குப் புள்ளி வாங்கிக் கொடுத்தது அவருடைய மண்டுத்தனம்தான்.

அவருடைய சொந்தப் பாடத்துக்குத்தான் அப்படி ஒருவரும் இருக்கவில்லை. முதல் தடவை அவர் நடத்தியபோது, கடன்பட்ட நன்றியில் நாங்கள் எல்லோரும் போட்டி போட்டுக்கொண்டு சரியான பதில் சொன்னோம். பாடம் அரைவாசி நேரத்தில் முடிந்துபோயிற்று. மிச்ச நேரம் அவர் கரும்பலகையை அழித்துக்கொண்டு நின்றார். "பிள்ளையளுக்கு எல்லாம் முதலே தெரிஞ்சிருக்கு. பிறகு நீங்கள் என்னத்தைப் படிப்பிச்சீங்கள்?" என்று கேட்டார் விரிவுரையாளர் பொன்னுத்துரை. யாழ்ப்பாணத்துக்காரர். அதட்டுகிற ஆள் இல்லை, ஆனால் புள்ளித்தாளை விட்டு ஒரு நூல்கூட விலகமாட்டார். பெற்றீசியா டீச்சர் தேறவில்லை. இன்னொரு தடவைதான் கொடுப்பார்கள். அதிலும் தவறினால் அடுத்த வருடக் குழுவோடு எல்லாவற்றையும் ஆரம்பத்திலிருந்து செய்ய வேண்டும்.

"இன்னொரு வருஷம் என்னால முடியாது பாயிஸா டீச்சர்" என்று தேநீர் இடைவேளையில் என்னிடம் சொன்னார். "இது போச்சுன்னா விட்டுருவேன்."

அவர் வீடு கண்டி நகரில், மஹய்யாவையில். பாடசாலை திகனைக்கும் அப்பால். இரண்டு பஸ் ஏற வேண்டும். வழியிலுள்ள பல்லேகலையில் கிரிக்கெட் ஆட்டம் உள்ள நாளில் வீதி அடைத்து, வீடு போய்ச் சேர இருட்டிவிடும். கணவர் பெயர் சுவக்கின், மாநகர சபையில் வேலை பார்த்தவர். சீனி வருத்தத்தில் ஒரு காலை எடுத்துவிட்டார்கள். காலையில் ஊசி போட்டு, சோற்றை மூடி வைத்துவிட்டு இவர் வெளிக்கிட்டால், அந்த மனிதர் மாலைவரை தனியாகத்தான் இருப்பார். ஒருமுறை குசினியில் விழுந்து, இவர் வரும்வரை நிலத்திலேயே கிடந்திருக்கிறார். மஹய்யாவைக்குக் கிட்டவே ஒரு பாடசாலையில் இடம் இருந்தது. அதிபர் வரச் சொல்லிவிட்டார். டிப்ளோமா இருந்தால் இடமாற்றம் கிடைக்கும், மத்தியானம் ஒரு ஓட்டம் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். அதற்காகத்தான் இவர் இந்தச் சனி ஞாயிறுகளையும் தூக்கிக் கொடுத்தார்.

இரண்டாம் தடவைக்கு நாங்கள் புத்தியோடு நடப்பதாக நினைத்துக்கொண்டோம். பாடம் பின்னங்கள். பிழைகளை முன்கூட்டியே எங்களுக்குள் பங்கு போட்டோம். முக்கியமான பிழை, மூன்றில் ஒன்றைவிட நான்கில் ஒன்று பெரிது என்பது. மூன்றைவிட நான்கு பெரிதல்லவா, பிள்ளைகள் அப்படித்தான் நினைப்பார்கள். பாடம் முழுக்க அந்தப் பிழையில்தான் நின்றது. அதைச் சொல்லும் பொறுப்பைத் தெல்தோட்டைப் பக்கத் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றிலிருந்து வரும் பழனியாண்டி சேரிடம் கொடுத்தோம். வெள்ளந்தி முகம், நம்பும்படி இருக்கும்.

"ரெண்டு நாளா பிள்ளைக்குக் காய்ச்சல், நான் கண்ணே மூடல" என்று பாடம் நடக்கும் நாள் காலை அவர் எங்களிடமும் டீச்சரிடமும் சொன்னார். "ஆனா டீச்சருக்காக மறக்காம சொல்லிருவேன்."

பெற்றீசியா டீச்சரின் முறை பின்னேரம் கடைசியாக வந்தது. வெயில் சாய்ந்து வகுப்பறைக்குள் விழுந்தது. எல்லோருக்கும் பகல் சாப்பாட்டுக் கிறக்கம். அவர் மட்டைத் தாளில் வெட்டிய வட்டங்களைக் காட்டி ஆரம்பித்தார். நன்றாகவே போனது. நான் என் சின்னப் பிழையைச் சொன்னேன், அவர் திருத்தினார், பொன்னுத்துரை சேர் ஏதோ எழுதினார்.

பிறகு அந்தக் கேள்வி வந்தது. "மூன்றில் ஒன்று பெரிதா, நான்கில் ஒன்று பெரிதா? யார் சொல்லப் போறது?"

அது பழனியாண்டி சேரின் பிழை. குறுக்கே விழுந்து கெடுத்துவிடக் கூடாதென்று ஒவ்வொருவரும் வாயை மூடிக்கொண்டு இருந்தோம். திரும்பிப் பார்த்தால், அவர் இரண்டாம் வரிசையில் மேசைமேல் தலையை வைத்து, வாய் சற்றுத் திறந்தபடி, நல்ல தூக்கம்.

பெற்றீசியா டீச்சர் அவரிடம் நடந்து போனார். தோளில் ஒரு தட்டு தட்டுவார், இவர் எழும்பி "நாலுல ஒண்ணு" என்பார், எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் நான் நினைத்தேன். என் கை அரித்தது. தட்டுங்கள், தட்டுங்கள் என்று மனதுக்குள் மன்றாடினேன். அவர் கொஞ்ச நேரம் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஜன்னலின் ஒரு கதவைச் சாத்தினார், வெயில் அந்த மனிதரின் கண்ணில் விழாதபடி.

"மெதுவா பேசுவோம்" என்று எங்களிடம் சொன்னார்.

அதற்குப் பிறகு பாடம் பெரிதாக ஒன்றும் அமையவில்லை. எங்களுக்கும் நடிப்பு வரவில்லை. பதிலை அவரே தாழ்ந்த குரலில் சொன்னார், வட்டங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் காட்டினார், முடித்தார்.

"நித்திரை கொண்ட பிள்ளையை ஏன் எழுப்பேல்லை?" என்று பொன்னுத்துரை சேர் கேட்டார்.

"ராத்திரி தூங்காத பிள்ளை சேர்."

"சேர், அவர் நடிக்கல்ல" என்று நான் இடையில் விழுந்தேன். "உண்மையாத்தான் தூங்கிட்டார்."

"ஓம், அது எனக்கும் தெரியுது." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவரும் களைத்துப்போயிருந்தார். "வகுப்பு முகாமைத்துவம், மாணவர் பங்குபற்றல், ரெண்டுக்கும் என்னால புள்ளி போட ஏலாது. இந்தத் தாளில இதுக்கு இடமில்லை. நான் என்ன செய்ய?"

அவ்வளவுதான், இந்தத் தடவையும் டீச்சர் தேறவில்லை. பொன்னுத்துரை சேர் போய்விட்டார். எனக்கு அவர்மேலும் கோபம், பழனியாண்டி சேர்மேலும் கோபம், பெற்றீசியா டீச்சர்மேல் எல்லோரையும்விட அதிகக் கோபம். ஒரு தட்டு. ஒரேயொரு தட்டு.

கதிரைகளை இழுக்கும் சத்தத்தில் பழனியாண்டி சேர் விழித்தார். "எங் கேள்வி வந்திருச்சா?" என்று கேட்டார். பெற்றீசியா டீச்சர் வட்டங்களைப் பைக்குள் போடுவதைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. முகம் வெளிறிப்போயிற்று.

"ஒரு தட்டு தட்டியிருந்தா எழும்பியிருப்பேனே டீச்சர்."

"எழும்பியிருப்பீங்க சேர். நான் தட்டத்தான் வந்தேன்." டீச்சர் பையின் சிப்பை இழுத்து மூடினார். "கிட்ட வந்து பாத்தா, மத்தியானத்துல எங்க வீட்டுக்காரரு தனியா கெடந்து தூங்குற மாதிரியே இருந்துச்சு. கை வரல."

டீச்சருக்கு அழுகை வந்துவிடும் என்று நினைத்தேன். வரவில்லை. பழனியாண்டி சேரிடம், பிள்ளைக்குக் காய்ச்சல் எப்படி என்று கேட்டுக்கொண்டே படியிறங்கினார்.