அடுப்படிக்கு லீவு போட்ட அக்கா

காலேஜ் முடித்துவிட்டு, வேலை தேடுகிறேன் என்ற பெயரில் போன் நோண்டிக்கொண்டிருந்த நாட்களில் எனக்கு வந்த ஒரே உருப்படியான ஐடியா இதுதான். பண்பொழிப் பக்கம் எங்கள் தென்னந்தோப்புக்குள் சும்மா கிடந்த ஓட்டு வீட்டைக் குற்றால சீசனுக்கு வாடகைக்கு விடுவது. வெள்ளையடித்தேன், கேஸ் அடுப்பு வைத்தேன், நாலு பாத்திரம் வைத்தேன். மலை தெரிகிற ஜன்னலைப் போட்டோ எடுத்து நெட்டில் போட்டு, கீழே கெத்தாக எழுதினேன்: ‘சமையல் நீங்களே. யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள்.’

எழுதும்போது எங்கம்மாவை மறந்துவிட்டேன்.

முதல் புக்கிங் ஒரு மதுரைக் குடும்பம். ஒரு அக்கா, அவர் வீட்டுக்காரர், காலேஜ் போகிற இரண்டு பையன்கள். சாரலில் கார் வந்து நின்றது. பையை இறக்கக்கூட இல்லை, அம்மா தூக்குச்சட்டியோடு எங்கள் வீட்டு வேலியைத் தாண்டி வந்து நிற்கிறாள். காலையில் இட்லி, மதியம் ரசமும் அவியலும், சாயங்காலம் பஜ்ஜி.

“ஏம்மா, சமையல் அவங்களேன்னு போட்டிருக்கேன்ல?”

“ஏலே, நம்ம தோப்புக்கு வந்தவியள அடுப்பப் பத்த வையின்னு சொல்லுதியே, வெக்கமா இல்ல?”

இருட்டுவதற்குள் அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “தம்பி, நீங்க போட்ட அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த வீட்டப் பிடிச்சேன். கல்யாணமான நாள்ல இருந்து, நான் உக்காந்திருக்க இவங்க எனக்கு ஒரு வேளை சமைச்சுப் போட்டதில்ல. சமைக்கிறோம்னு சத்தியம் வாங்கித்தான் கூட்டிட்டு வந்திருக்கேன். உங்கம்மா சாப்பாடு வந்தா மூணு பேரும் தப்பிச்சிருவாங்க.”

அம்மாவிடம் சொன்னேன். முதலில் முகம் சுருங்கியது. “நம்ம சாப்பாடு எறங்கலையாக்கும்.” விவரமாகச் சொன்னதும், “இது வெறும் ஆசையில்லலே, நியாயம்லா” என்றாள். இனி சாப்பாடு கொண்டுபோக மாட்டாள் என்று நம்பிவிட்டேன்.

மறுநாள் அவர்கள் ஐந்தருவியில் குளித்துவிட்டுத் திரும்பினார்கள். அங்கே குளித்தவனுக்கு வருகிற பசி தனி ரகம், கல்லைக் கொடுத்தாலும் தொட்டுக்க என்ன என்று கேட்பான். அக்கா வாசலில் நாற்காலி போட்டுக் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டார். உள்ளே பாத்திரம் உருளும் சத்தம் மட்டும் கேட்டது. சாப்பாட்டுக்கு என்னையும் கூப்பிட்டார்கள்.

சோறு அரைவேக்காடு. ஆனால் பக்கத்தில் இருந்த சொதி, தேங்காய்ப்பாலில் மிதக்கிற முருங்கைக்காயோடு, கல்யாண வீட்டுச் சொதி மாதிரி மணத்தது. அக்கா ஒரு வாய் வைத்தார்.

“பிரமாதமா இருக்கே. யாரு வச்சது?”

“நாந்தான்” என்றார் வீட்டுக்காரர். “யூடியூப் பாத்து.”

“தேங்காப்பால் எப்படி எடுத்தீங்க?”

“அது... வழக்கமா எடுக்கிற மாதிரித்தான்.”

“இந்த வீட்ல மிக்ஸியும் இல்ல, துருவியும் இல்ல. இந்த ஊர்ல மரத்துலயே பாலாத்தான் காய்க்குதோ?”

சின்னவனுக்குச் சிரிப்பில் புரையேறியது. பெரியவன், “அப்பாதாம்மா வேலியோரம் போயி இந்த அண்ணனோட அம்மாகிட்டக் கேட்டு வாங்கிட்டு வந்தாரு” என்று போட்டுக்கொடுத்துவிட்டான்.

அக்கா திட்டவில்லை. பிசைந்த கை அப்படியே நின்றது. “ஒரே ஒரு வேளைதான கேட்டேன்” என்றார்.

ருசி எப்படி என்று கேட்க வந்த அம்மா வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். நேராக உள்ளே வந்தாள்.

“தப்பு எம்மேலதான், தாயி. அண்ணாச்சி வேலியோரம் வந்து பசியில முழிச்சிக்கிட்டு நின்னாவ. மனசு கேக்கல.” சொதிச் சட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். “சாயங்காலம் இவிய சமைக்கட்டும். நான் காவல் இருக்கேன்.”

சொன்ன மாதிரியே சாயங்காலம் தோப்புக் கேட்டில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். சற்று நேரத்தில் வீட்டுக்காரர் கார் சாவியோடு நைசாக வந்தார்.

“எங்க கெளம்பிட்டிய, அண்ணாச்சி?”

“பால் வாங்கிட்டு வந்திர்றேம்மா.”

“பாலு நம்ம வீட்ல இருக்கு, தாரேன். புரோட்டாதான் இல்ல.”

மனிதர் திரும்பிப் போய்விட்டார். வெங்காயம் நறுக்கிய பெரியவன் அழுதான், சின்னவன் விரலைச் சுட்டுக்கொண்டான். கடைசியில் ஒரு தக்காளிக் குழம்பும் குழைந்த சோறும் வந்தன. அக்கா அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். அம்மா ஒரு வாய் சாப்பிட்டாள். வீட்டுக்காரர் ரிசல்ட்டுக்குக் காத்திருப்பவர் மாதிரி நின்றார்.

“உப்பு ஒரு கை கூடிப்போச்சி, அண்ணாச்சி.”

“எனக்குச் சரியாத்தான் இருக்கு” என்றார் அக்கா. உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாமல் தட்டை நீட்டினார். “இன்னும் கொஞ்சம் போடுங்க.” மூன்று பேரும் ஒரே நேரத்தில் கரண்டியைத் தேடி ஓடினார்கள்.

ஊருக்குக் கிளம்பும்போது கார் கண்ணாடியை இறக்கி அக்கா சொன்னார்: “தம்பி, அடுத்த சீசனுக்கும் வருவோம். மிக்ஸி மட்டும் வாங்கி வச்சிராதீங்க.”

இன்னும் வாங்கவில்லை.